சிவப்பு முத்திரை

தபால்தலை விஷயத்தில் எனக்கு வாய் நீளம் என்று என் மனைவி பெட்ரிசியா சொல்வாள். நீளம்தான், மறுக்கவில்லை. முப்பது வருஷமாக அவளோடு நடத்திய குடும்பத்தைவிட தபால்தலைகளோடு நடத்திய குடும்பம்தான் அதிகம். சிரம்பானில் எங்கள் தபால்தலைச் சங்கத்துக்கு யாராவது புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால், "தேவதாஸ் பாத்துட்டாரா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

யுத்தத்தில் மலாயாவைப் பிடித்து ஆண்ட ஜப்பான்காரன் காலத்துத் தலைகளில்தான் போலி அதிகம். வெள்ளைக்காரன் அச்சடித்து வைத்திருந்த எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத் தபால்தலைகளின் மேலேயே ஜப்பான்காரன் தன் முத்திரையைக் கையால் குத்தி ஓட்டினான். முத்திரை இல்லாத தலையை யாரும் சீந்தமாட்டார்கள். முத்திரை விழுந்த சிலவற்றுக்கோ வெளிநாட்டில் ஆள் காத்துக் கிடக்கிறான். அப்புறம் கேட்க வேண்டுமா? தலை அசல், முத்திரை மட்டும் போலி. கண்டுபிடிப்பது லேசில்லை. நான் கண்டுபிடிப்பேன், அதுதான் என் பெருமை.

போன அக்டோபரில் முனியாண்டி அப்படி ஒன்றைக் கொண்டுவந்தான். பகாவுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். எட்டு வருஷமாகச் சங்கத்துக்கு வருகிறான், கடைசி நாற்காலியில் உட்காருவான், கேட்டால்தான் பேசுவான். தோட்டத்தின் பழைய ஆபீசை இடித்தபோது குப்பைக்குப் போன கடித உறைகளை மேனேஜரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தான். இந்தத் தலை அதில் ஒட்டியிருந்ததாம். டிசம்பர் கண்காட்சியில் அதை வைக்க வேண்டும் என்று ஆசை. அன்றைக்கு அவன் மனைவி வள்ளிநாயகியும் வந்திருந்தாள். தீபாவளிக்கு எடுத்த சேலையை முன்கூட்டியே கட்டிக்கொண்டு, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

லென்ஸை வைத்துப் பார்த்தேன். சிவப்பு முத்திரை ஒரு பக்கமாகக் கலங்கியிருந்தது. பஞ்சை லேசாக நனைத்து ஓரத்தில் ஒற்றினேன். பஞ்சு சிவந்துவிட்டது.

"எம்பது வருஷத்து மை இப்படி வராது லா. இது நேத்துக் குத்துன முத்திரை" என்றேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

செயலாளர் திருநாவுக்கரசு சிரித்தார். "என்ன முனியாண்டி, வீட்டுலயே கடை போட்டாச்சா?"

முனியாண்டி அந்தப் பஞ்சையே பார்த்தான். வாயைத் திறந்தான். திரும்பித் தன் மனைவியைப் பார்த்தான். பிறகு, "சரி சார்" என்று சொல்லி ஆல்பத்தை மூடிக்கொண்டு போய்விட்டான்.

அதோடு விட்டார்களா? கண்காட்சிப் பட்டியலில் அவன் பெயரை அடித்தார்கள். முத்திரை குத்தியதே அவன்தான் என்று வாட்சாப்பில் பேச்சு கிளம்பியது. எட்டு வருஷத்தில் அவனிடம் தலை மாற்றிக்கொண்டவர்கள் அதையெல்லாம் அவனுக்கே தபாலில் திருப்பி அனுப்பினார்கள். ஒரு சேகரிப்பாளனுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. நான் அதையெல்லாம் படித்துக்கொண்டு, என் கண்ணை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்துச் சாப்பிடும்போது இந்தக் கதையைப் பெட்ரிசியாவிடம் அளந்தேன். அவள் மீன் குழம்பை ஊற்றியபடியே, "அது எப்போ?" என்று கேட்டாள்.

"விஜயதசமி முடிஞ்ச ஞாயித்துக்கெழம."

அவள் கரண்டியை வைத்துவிட்டாள். "அவங்க இந்துதானே? சரஸ்வதி பூசைக்குப் புக்குக்கெல்லாம் பொட்டு வைப்பாங்களே! நாங்க தோட்டத்து லயத்துல இருந்தப்போ பக்கத்து வீட்டு அக்கா எங்க ஸ்கூல் புக்கையும் கேட்டு வாங்கி, குங்குமத்தைத் தண்ணியில கொழச்சு வச்சு விடுவாங்க. அப்பா ஏசுவாருன்னு நான் ஈரத்துணியால தொடப்பேன். கையெல்லாம் செவப்பா வரும்."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். நான் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய கிராணியின் மகன். கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் விளையாடப் போனாலே வீட்டில் அடி விழும். எங்கள் வீட்டுப் புத்தகத்தில் சிலுவை வரைந்திருக்கும், குங்குமம் இருக்காது. தபால்தலைமேல் ஒருத்தி பொட்டு வைப்பாள் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் ஒரு தடவை ஒற்றியவன் இன்னொரு தடவை ஒற்றிப் பார்த்திருக்கலாமே? பார்க்கவில்லை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு.

மறுநாள் காலையிலேயே பாரோய் வீட்டிலிருந்து அவன் தோட்டத்துக்குக் காரை எடுத்தேன். முனியாண்டி லாரிக் கொட்டகையில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். கோபம் இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"முனியாண்டி, அது குங்குமமா?"

"ஆமா சார்."

"எப்ப தெரிஞ்சிச்சு?"

"நீங்க பஞ்ச எடுத்தவொடனே. அதுவரைக்கும் எனக்கும் தெரியாது. பூசையில மூடுன புக்க அப்படியே துணியில சுத்தித்தான் கொண்டாந்தேன்."

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேய்யா!"

"பின்னால அவ நின்னா சார்."

எனக்கு விளங்கவில்லை. அவனே சொன்னான். "அவ படிக்காதவ. தம்பி தங்கச்சியப் பாத்துக்கணும்னு ரெண்டாம் வகுப்போட நிப்பாட்டிட்டாங்க. வருஷத்துல அந்த ஒரு நாளுதான் எம் புக்கத் தொடுவா. மத்த வருஷமெல்லாம் அட்டையிலதான் பொட்டு. இந்தத் தடவ, சிரம்பான் போற ஸ்டாம்பாச்சே, இதுதான் ஒசத்தின்னு எனக்குத் தெரியாம தெறந்து வச்சிருக்கா. பஞ்சு செவந்தது அவளுக்குத் தெரியல. மைன்னுதான் காதுல விழுந்துச்சு."

ஆல்பம் லாரியின் முன்சீட்டில் இருந்தது. வீட்டில் வைத்தால் அவள் கண்ணில் பட்டுவிடுமாம். அங்கேயே உட்கார்ந்து, இந்தத் தடவை பொறுமையாக, இருபது முறை ஒற்றினேன். குங்குமம் போகப் போக அடியிலிருந்த முத்திரை அசையாமல் நின்றது. மை காகிதத்துக்குள் இறங்கியிருந்தது. என்னிடம் இருக்கும் அசலில் எந்த இடத்தில் கோடு உடைந்திருக்குமோ, இதிலும் அங்கேதான் உடைந்திருந்தது. சந்தேகமே இல்லை. ஆனால் தலை முழுக்க இளஞ்சிவப்பாகக் கறை ஏறிவிட்டது. மதிப்பில் பாதிக்கு மேல் போயிற்று. எனக்கு அழுகை வந்தது, அவன் எதிரிலேயே அழுதேன்.

"சங்கத்துல குங்குமம்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். ஒம்மேல விழுந்த பழி போயிரும்."

"வேணாம் சார். அங்க சொன்னா இங்க வந்து சேந்துரும். கெட்டது தன் கையாலதான்னு தெரிஞ்சா, அந்தப் புக்க அவ இனிமே தொடவே மாட்டா. எம்பேரு போனாப் போகுது."

போகக்கூடாது. நான் கெடுத்த பெயர் அது. திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு முனியாண்டியைக் கெஞ்சி வரவழைத்தேன். வள்ளிநாயகியும் வந்தாள், இந்த முறை பழைய சேலையில். எல்லாரும் உட்கார்ந்ததும் எழுந்து நின்றேன்.

"முனியாண்டியோட ஸ்டாம்பு அசல். தப்பு எம்மேல. அன்னைக்கு நான் எடுத்த பஞ்சுல ஏற்கனவே செவப்பு மை இருந்திருக்கு. பாக்காமத் தொடச்சிட்டேன். இப்ப இருக்குற கறையும் என்னாலதான்."

முப்பது வருஷம் போலி பிடித்தவன் அன்றைக்கு ஒரு போலியைச் செய்து அவர்கள் முன்னால் வைத்தேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

"அழுக்குப் பஞ்சா?" என்றார் திருநாவுக்கரசு. "இத்தன வருஷமா எங்க ஸ்டாம்பையெல்லாம் இப்படித்தான் பாத்தீங்களா?" என் முன்னால் பார்வைக்கு வைத்திருந்த தன் ஆல்பத்தை மெல்ல இழுத்துக்கொண்டார். இனிமேல் யாரும் "தேவதாஸ் பாத்துட்டாரா?" என்று கேட்கப்போவதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பின்வரிசையிலிருந்து வள்ளிநாயகி எழுந்து வந்தாள். மேசைக்கு எதிரே நின்று என்னை நேராகப் பார்த்தாள்.

"எம் புருசன் இத்தன நாளாச் சரியாச் சோறு திங்கல சார். லாரியிலயே ஒக்காந்து கெடந்தாரு. நான் ஒண்ணும் தெரியாதவ. நானே தலைக்குக் குளிச்சு, கையக் கழுவிட்டுத்தான் அந்தப் புக்கத் தொடுவேன். நீங்க படிச்சவங்க, அழுக்குப் பஞ்ச வச்சுத் தொடலாமா?"

முனியாண்டி தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"தொட்டிருக்கக் கூடாதும்மா" என்றேன். "என்ன மன்னிச்சிருங்க."