இரண்டு சின்னாறுகள்

ஆற்றுப் பராமரிப்பு அலுவலகத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேப்பக்கா என்றால்தான் திரும்புவாள். பேராறு எங்கே கிளம்புகிறது, எங்கே வளைகிறது, எந்தத் துணையாறு எந்தக் கரையில் வந்து கலக்கிறது என்று வரைந்து வைப்பது அவள் வேலை. சுவரை அடைத்துத் தொங்கிய பெரிய வரைபடம் அவள் கைவண்ணம். தூர நின்று பார்த்தால் சாய்ந்து கிடக்கும் மரம் போலிருக்கும். பேராறு அடிமரம், துணையாறுகள் கிளைகள்.

அந்த மரத்தில் ஒரு கோளாறு இருந்தது. இரண்டு கிளைகளுக்கு ஒரே பேர். மலையிலிருந்து குதித்திறங்கி, காகித ஆலைக்குச் சற்று மேலே இடது கரையில் கலப்பதும் சின்னாறு. சமவெளியில் ஆடி அசைந்து வந்து, கீழே பாலத்துக்குப் பக்கத்தில் வலது கரையில் கலப்பதும் சின்னாறு.

"ஒரே வீட்ல ரெண்டு பிள்ளைக்கு ஒரே பேர் வச்ச கதையா இருக்கு சார்" என்று என்ஜினீயரிடம் சொல்லிப் பார்த்தாள். "கூப்பிட்டா ரெண்டும் ஓடி வரும், இல்லன்னா ரெண்டுமே வராது."

என்ஜினீயர் நல்ல மனிதர்தான். ஆனால் வம்பென்றால் ஒரு தெரு தள்ளிப் போகிறவர். "ஊர்க்காரங்க வச்ச பேரும்மா. அதுல கை வச்சா நம்ம தலைதான் உருளும்."

மழை பிடித்துக்கொண்டு விடாமல் பெய்த ஒரு பிற்பகல். மலையடிவாரத்தில் நீர்மட்டம் பார்க்கிறவர் போன் செய்து, சின்னாறு மளமளவென்று ஏறுவதாகச் சொன்னார். என்ஜினீயர் அதை அப்படியே ரேடியோ நிலையத்துக்குச் சொல்லிவிட்டார். மேப்பக்கா டீ வாங்கிக்கொண்டு வரும்போது அலுவலக டிரைவரின் ரேடியோவில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. 'சின்னாற்றங்கரையில் வசிப்பவர்கள் உடனே மேடான இடத்துக்குச் செல்லவும்.'

எந்தச் சின்னாறு என்று சொல்லவே இல்லை. கீழ்ச் சின்னாற்றுக்காரர்களுக்கு மேடு என்றால் பள்ளிக்கூடம்தான். அது பாலத்தைத் தாண்டி அக்கரையில் இருந்தது. அங்கே போகிற சாலை ஆலையைச் சுற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஏறும். மலைத் தண்ணீர் முதலில் பாய்வது அந்தப் பள்ளத்தில்தான். வீட்டிலேயே இருந்தால் பிழைக்கிறவர்களை, வா வா என்று தண்ணீருக்குள் அழைத்துக்கொண்டிருந்தது ரேடியோ.

அவள் அண்ணனும் அண்ணியும் பாலத்துக்கு வலதுபுறத் தெருவில் தையல்கடை வைத்திருந்தார்கள். டீயை வைத்துவிட்டு அண்ணிக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, எங்க இருக்கீங்க?"

"வாசல்ல. ரேடியோல சொன்னாங்கல்ல? மெஷினை விட்டுட்டு வரமாட்டேன்னுட்டேன். உங்கண்ணன் தலையில தூக்கிட்டு நிக்கிறார்."

"நீங்க அக்கரைக்குப் போகாதீங்க. ஏறுறது உங்க சின்னாறு இல்ல, மலைச் சின்னாறு. பாலத்தைத் தாண்டினா நேரா அது வாயில போய்த்தான் விழுவீங்க."

"ஐயய்யோ, தெருவே கெளம்பிருச்சே!"

"ஓடிப்போய்ப் பாலத்து முனையில நின்னு கத்துங்க. உங்க தொண்டைக்கு மைக் எதுக்கு?"

"இந்த நேரத்துலயும் உனக்கு நக்கல்" என்ற அண்ணி போனை வைக்கும் முன்பே கத்தத் தொடங்கிவிட்டாள்.

மேப்பக்கா நேரே என்ஜினீயர் அறைக்குள் நுழைந்து, நடந்ததைச் சொல்லிக்கொண்டே ரேடியோ நிலையத்துக்குப் பேச அவர் மேஜை போனை எடுத்தாள்.

"மேலிடத்துல ஒரு வார்த்தை கேக்காம..." என்று அவர் இழுத்தார்.

"பதில் வர்றதுக்குள்ள தண்ணி வந்துரும் சார். தப்பா போச்சுன்னா நான்தான் சொன்னேன்னு சொல்லிருங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார்.

அடுத்த அறிவிப்பு அவள் குரலிலேயே போனது. "ஆலைக்கு மேலே கலக்கும் மலைச் சின்னாறு பொங்கி வருகிறது. ஆலைத் தெருக்காரர்கள் பள்ளத்தில் இறங்காமல் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறுங்கள். பாலத்துக்கு வலதுபுறம் இருப்பவர்கள் வீட்டை விட்டு வராதீர்கள். யாரும் பாலத்தைக் கடக்காதீர்கள்." நிறுத்தி நிதானமாக, தன் வரைபடத்தைப் பார்த்தபடி திரும்பத் திரும்பச் சொன்னாள். குரல் ஒருமுறைகூடப் பிசிறவில்லை.

பொழுது சாய்வதற்குள் ஆலைத் தெருவில் தண்ணீர் ஜன்னலைத் தொட்டது. தெருக்காரர்கள் அத்தனை பேரும் மேட்டில் பத்திரமாக இருந்தார்கள். பாலத்து முனையில் அண்ணி தையல் மெஷினை நடுரோட்டில் இறக்கி வைத்து, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு கூட்டத்தை மறித்திருந்தாள். அவளைத் தாண்டி ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை.

தண்ணீர் வடிந்ததும் என்ஜினீயரே இரண்டு கரைக்காரர்களையும் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்தார். ஏதாவது ஒரு ஆற்றின் பேரை மாற்ற வேண்டும் என்று சொன்னதுதான் தாமதம், கூடம் இரைச்சலில் அதிர்ந்தது. எங்கள் பேர்தான் பழசு என்று அந்தப் பக்கம். எங்கள் ஆறுதான் நீளம் என்று இந்தப் பக்கம். அண்ணியும் எழுந்துவிட்டாள். "நாத்தனாரே வந்து சொன்னாலும் சரி, எங்க பேரை விட்டுத்தர மாட்டோம்!"

மேப்பக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "யாரும் எதையும் விட்டுத்தர வேண்டாம் அண்ணி. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீங்க உங்களுக்குள்ள பேசிக்கும்போது மலைச் சின்னாத்தை என்னன்னு சொல்லுவீங்க?"

அண்ணி தயங்கினாள். பின்னாலிருந்து யாரோ சொல்லிவிட்டார்கள். "கலங்கலாறு!"

வலதுபுறம் சிரிப்பலை. ஆலைத் தெருக்காரர்கள் முகம் சிவந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. வம்பு வந்துவிட்டது என்று என்ஜினீயர் கதவைப் பார்த்தார்.

அப்போது ஆலைத் தெருப் படகுக்காரி எழுந்தாள். வெள்ளத்தில் படகைப் பறிகொடுத்தவள். "ஏன் சிரிக்கிறீங்க? கலங்கலாத்தான் வருது. அந்தக் கலங்கல் உங்க வயல்ல வண்டலாப் படியலன்னா நீங்க என்னத்த வெளைய வைப்பீங்க? கலங்கலாறுன்னே போடும்மா. பெருசா போடு."

ஆலைத் தெரு மொத்தமும் கைதட்டியது. எதிர்ப்பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. சின்னாறு என்ற பேர் முழுசாக அவர்களுக்கே கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகு அது கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.

"நல்லா இருக்குடி உன் பஞ்சாயத்து" என்று அண்ணி வெளியே வந்ததும் முணுமுணுத்தாள். "ஜெயிச்சும் தோத்த மாதிரி இருக்கு."

"பேர் உங்களுக்குத்தானே வந்துது?"

"வந்துது, வந்துது. சாப்பிட வா."

அடுத்த வாரம் ஆலைக்கு மேலே புதுப் பலகை நட்டார்கள். பெயிண்டர் ஏணியில் நின்று எழுதி முடித்ததும் மேப்பக்கா அண்ணாந்து பார்த்தாள். 'கலங்களாறு' என்றிருந்தது.

"அண்ணே, அந்த ள வேண்டாம். ல போடுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா?"

"இல்லண்ணே" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "அழிங்க."

அவர் முனகிக்கொண்டே துணியை நனைத்தார். பலகைக்குக் கீழே தண்ணீர் செக்கச்செவேலென்று பேராற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.