சிவப்பு நூல் கட்டிய குழாய்

பார்சல் அலுவலகத்தில் எடை போடுவது என் வேலை. பெட்டியைத் தராசில் வைப்பேன், எடையை எழுதுவேன், சந்தேகம் வந்தால் இறக்கி மறுபடி வைப்பேன். எனக்குச் சந்தேகம் வராத நாளே இல்லை. மாலையில் ஆய்வக உதவியாளர் படிப்புக்குப் போகிறேன். அங்கே செய்கிற ஒவ்வொன்றையும் மணி, நிமிடத்தோடு ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். எழுதியதையும் இரண்டு தடவை சரிபார்ப்பேன்.

தங்கியிருப்பது அக்கா வீட்டில். அக்கா தையல்காரி, முன்னறைதான் கடை. அவள் நல்ல பருமன். மாமா லிஃப்ட் மெக்கானிக். ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி இருப்பார். அக்கா ஏறினால் லிஃப்டில் 'எட்டு பேர்' என்று எழுதியிருப்பதை அழித்து 'ஆறு' என்று போடவேண்டும் என்பார் மாமா. அவர் ஏறினால் ஆள் ஏறியதே லிஃப்டுக்குத் தெரியாது, கதவு மூடாது என்பாள் அக்கா. கல்யாணமான நாளிலிருந்து ஓடுகிற வழக்கு இது.

ஆனால் ஆறு மாதமாக மாமா வேலையிலிருந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்துவிடுகிறார். டீக்கு ஐந்து ஸ்பூன் சர்க்கரை, நடுவில் குளிர்பான பாட்டில் வேறு. டாக்டரிடம் போகலாம் என்று அக்கா எப்போது கேட்டாலும், ஒல்லியாக இருப்பவனுக்கு என்ன வரும், போகவேண்டிய ஆள் நீதான் என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவருடைய அப்பாவும் ஒல்லிதான். சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்தார்கள். அதைப் பற்றி அக்கா அவரிடம் பேசமாட்டாள். என்னிடம் பேசுவாள், துணிக்கு ஊசி குத்திக்கொண்டே, தலை நிமிராமல்.

அந்தச் சமயத்தில்தான் வகுப்பில் அடிப்போனெக்டின் பாடம் வந்தது. கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை என்றார் எங்கள் மேடம். எனக்குப் புரிந்த மாதிரி சொன்னால், அது கிடங்கு மட்டுமில்லை, உடம்பெங்கும் தகவல் அனுப்புகிற அலுவலகமும்கூட. அங்கிருந்து ரத்தத்தில் கிளம்புகிற ஒரு புரதம்தான் அடிப்போனெக்டின். கல்லீரலிடம் போய், சர்க்கரையை அளவோடு வெளியே விடு என்கிறது. தசையிடம், கொழுப்பை எரி என்கிறது. ரத்தக்குழாய்களின் உள்சுவரையும் காக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கொழுப்பு கூடினால் இந்தப் புரதமும் கூடும் என்றுதானே நினைப்போம்? குறையும். வயிற்றுக்குள்ளே, உறுப்புகளைச் சுற்றிச் சேர்கிற கொழுப்பு கூடும்போது இன்னும் குறையும்.

ரத்தத்தில் அந்தப் புரதத்தை அளக்கும் செய்முறைக்கு வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வரலாம் என்றார் மேடம். நான் சொன்னதும் அக்காவின் கண் மின்னியது. மாமா ஊசிக்குப் பயந்தவர் இல்லை, டாக்டருக்குத்தான் பயந்தவர். மச்சினியின் படிப்புக்கு என்றதும் உடனே ஒத்துக்கொண்டார். பந்தயமும் கட்டினார். அவருக்கு அக்காவைவிடக் குறைவாக வந்தால் மறுபேச்சில்லாமல் டாக்டரிடம் வருவார். அதிகமாக வந்தால் இனி அந்தப் பேச்சையே அக்கா எடுக்கக் கூடாது.

ரத்தம் எடுத்ததும் அக்கா தன் குழாயில் சிவப்பு நூலும் மாமாவின் குழாயில் நீல நூலும் கட்டினாள். கடையில் துணிகளுக்கு அவள் அப்படித்தான் அடையாளம் வைப்பாள். இத்தனை வருஷத்தில் ஒருத்தர் துணி இன்னொருத்தருக்குப் போனதில்லை என்று மேடத்திடமும் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த வகுப்பில் சோதனை. புரதம் அதிகமிருந்தால் சோதனைத் தட்டின் சின்னக் குழியில் மஞ்சள் அழுத்தமாக வரும். ஏழாம் எண், அக்கா, நல்ல மஞ்சள். எட்டாம் எண், மாமா, தண்ணீர் கலந்த மாதிரி வெளிறல். பருத்த அக்காவுக்கு அதிகம், ஒல்லி மாமாவுக்குக் குறைவு என்றால் பாடத்துக்கே நேர்மாறு. இதில் ஒன்று தப்பு என்றால் அது நானாகத்தான் இருக்கும். குழாயை எங்கேயோ மாற்றிவிட்டேன். யாரிடமும் கேட்காமல், அறிக்கையில் இரண்டு எண்களையும் இடம் மாற்றி எழுதினேன். எழுதி முடித்ததும் மனசு லேசானது. தப்பைத் திருத்திவிட்ட நிம்மதி.

வீட்டில் மாமா ஜெயித்ததாக அறிவித்தேன். அவர் அக்காவின் இஞ்ச் டேப்பை மாலையாகப் போட்டுக்கொண்டு அறையைச் சுற்றி வந்தார். டீயில் ஆறாவது ஸ்பூன் விழுந்தது. அக்கா சிரித்தாள். ஆனால் நான்கு நாளாக டாக்டர் என்ற சொல்லே அவள் வாயிலிருந்து வரவில்லை. பந்தயம் பந்தயம்தானே. சனிக்கிழமை பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"நான் நூல் கட்டியிருந்தேனேடி. அப்புறமும் எப்படி மாறும்?"

குழாய் மாறிய கதையை அவளுக்கு மட்டும் சொல்லியிருந்தேன். சுழற்றும் இயந்திரத்தில் வைக்கும்முன் நூலை வெட்டிவிட்டோம் என்றேன். சொல்லிவிட்டு நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'மாலை 6.40. சிவப்பு நூல் வெட்டுவதற்கு முன் குழாயில் 7 எழுதினேன். மறுபடி பார்த்தேன். 6.42. நீலம், 8. மறுபடி பார்த்தேன். 6.45. இரண்டையும் இன்னொரு தடவை பார்த்தேன்.' என் கையெழுத்துதான்.

திங்கட்கிழமை நோட்டோடு மேடத்திடம் போய், எண்களை மாற்றி எழுதியதை ஒப்புக்கொண்டேன். அவர் முழுப் பக்கத்தையும் படித்தார்.

"நீ தப்புப் பண்ணலைங்கிறதுக்கு மூணு வரி சாட்சி இருக்கு. பண்ணினேங்கிறதுக்கு என்ன இருக்கு?"

"தோணுச்சு மேடம்."

"தோணுறதையெல்லாம் அறிக்கையில எழுதக் கூடாதும்மா."

ரத்தத்திலிருந்து பிரித்து மிச்சம் வைத்திருந்த சீரத்தை என் பக்கத்திலேயே நின்று மறுபடி சோதிக்க வைத்தார். ஏழு மஞ்சள், எட்டு வெளிறல். பொதுவாக ஆண்களைவிடப் பெண்களுக்கு அது அதிகம்தான், வகுப்புச் சோதனையை வைத்து நோய் என்றும் சொல்லிவிட முடியாது என்றார். ஆனால் எட்டாம் எண் ஆணுக்கும் ரொம்பக் குறைவு. சிலருக்குக் கொழுப்பு வெளியே தெரியாமல் கல்லீரலில் போய் உட்காரும். அவரை டாக்டர் பார்க்கட்டும்.

வீட்டுக்குப் போனபோது மாமா சோபாவில் சாய்ந்திருந்தார். நடந்ததை நின்றுகொண்டே சொன்னேன். உங்கள் ரத்தம் சரியாகத்தான் பேசியது, நான்தான் அதன் வாயைப் பொத்திவிட்டேன் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த டீயையே பார்த்தார்.

"எங்கப்பாவும் இப்படித்தான் சாஞ்சு கிடப்பார்" என்றார்.

அக்கா ஊசியை நிறுத்தினாள். அவள் எழுந்து போய் டீ டம்ளரை வாங்கி வைத்தாள்.

வியாழக்கிழமை மூன்று பேரும் ஸ்கேனுக்குப் போனோம். மாமா இடது மணிக்கட்டில் நீல நூல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். எதற்கு என்று நர்ஸ் கேட்டதற்கு, வீட்டில் ஒரு ஆய்வக உதவியாளர் இருக்கிறாள், பாதுகாப்புக்கு என்றார். கல்லீரலில் கொழுப்பு இருந்தது. ரத்தத்தில் சர்க்கரையும் எல்லைக்கோட்டில் நின்றது. சரியான நேரத்தில் வந்தீர்கள், சர்க்கரையை விட்டுவிட்டு, தினமும் நடக்க ஆரம்பித்தால் கல்லீரல் தேறும் என்றார் டாக்டர். எத்தனை ஸ்பூன் என்று அவர் கேட்டபோது மாமா இரண்டு என்றார். அக்கா ஆறு விரல்களைக் காட்டினாள்.

டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும் மாமா லிஃப்ட் பக்கம் போகாமல் படிக்கட்டுக்குத் திரும்பினார். பிழைப்பே லிஃப்டில்தான், அதற்குத் துரோகம் செய்கிறீர்களே என்றாள் அக்கா. இறங்குகிற வழியில் முதல் மாடித் திருப்பத்தில் மாமா நின்று, ஸ்கேன் அறிக்கையை என்னிடம் நீட்டினார்.

"பத்திரமா வெச்சுக்கோ. பாவம் பார்த்து இதையும் உங்கக்கா பேருக்கு மாத்தி எழுதிடாதே."

பெயரைச் சரிபார்த்தேன். அவர் பெயர்தான். இன்னொரு தடவை பார்க்கலாமா என்று தோன்றியது. பார்க்காமல் மடித்துப் பைக்குள் வைத்தேன்.