நஸீஹா நலம்

1

இந்தக் கதை எனக்குத் துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில், நான் குடியிருக்கும் கட்டடத்தின் மாடிப்படியில் கிடைத்தது. கீழ்வீட்டு நஸீஹா தக்காளிப் பையைத் தூக்க முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றாள். முடக்குவாதம். விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. "லாபாஸ்?" என்று நலம் விசாரித்தேன். "லாபாஸ், ஹம்துல்லா" என்றாள்; நலம்தான், இறைவனுக்கே புகழ் என்று அர்த்தம். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு வெட்கமாகிவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

(எங்கள் ஊரில் பிணத்திடம் கேட்டாலும் இதே பதில்தான் வரும்.)

2

முதல் தொடக்கம்: 'வலி என்பது மனிதனின் ஆழ்ந்த தனிமையில்...'

சே! இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

இரண்டாவது: காலையில் நஸீஹா விரல்களை வெந்நீரில் ஊறவைத்தாள். பிறகு காபிப் பாத்திரத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் இடுக்கித் தூக்கினாள். கணவன் மொஞ்சி பார்த்தும் பார்க்காதவன்போல் இருந்தான்.

இது ஓடும்.

3

பக்கத்து வீட்டு லத்தீஃபா மேல்தான் எனக்குச் சந்தேகம். ஒரே ஆளுக்கு இத்தனை வைத்தியம் தெரியும் என்றால் வாசகர்கள் நம்புவார்களா?

"ஆலிவ் எண்ணெயச் சூடு பண்ணித் தேய்டி. ஆனா வியாதி மூட்டுல இல்ல, மனசுல இருக்கு. நீ ரொம்ப யோசிக்கிற."

"யோசிக்காம எப்படிக்கா இருக்கிறது?"

"பாத்தியா, இதையும் யோசிக்கிற!"

மொஞ்சி காபிக்கடையில் இதற்கு நேர்மாறாக அளப்பான்: "என் பொண்டாட்டி சிங்கம்ப்பா! ஒரு நாள் முனகினதில்ல." அந்தப் பட்டத்தைக் காப்பாற்றுவதற்காக நஸீஹா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். [இந்த வரியை இரண்டு தடவை அடித்தேன். போகமாட்டேன் என்கிறது, இருக்கட்டும்.]

4

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பழைய மாத்திரைக்கு வலி கேட்கவில்லை. வலியைச் சொன்னால் டாக்டர் ஊசி மருந்துக்கு மாற்றுவார். சொல்லாவிட்டால் விரல்கள் கோணிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். ஆஸ்பத்திரிக்குப் போகும் பேருந்தில் நஸீஹா வழிநெடுக ஒத்திகை பார்த்தாள்: "தாங்க முடியல டாக்டர். டாக்டர், தாங்க முடியல."

வெளியே ஒரே கூட்டம். டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"வாங்கம்மா, லாபாஸ்?"

"லாபாஸ், ஹம்துல்லா."

பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது.

"ரொம்ப நல்லது. அப்போ அதே மாத்திரையப் போடுங்க."

"சரிங்க டாக்டர். நீங்க லாபாஸ்?"

"லாபாஸ், லாபாஸ்."*

* டாக்டருக்குத் தீராத முதுகுவலி. வீட்டில் யாருக்கும் தெரியாது.

5

முடிவு ஒன்று: நஸீஹா மேசையை ஓங்கித் தட்டி... அந்தக் கையால் எப்படித் தட்டுவாள்? அடித்தாயிற்று.

முடிவு இரண்டு: துணைக்கு வந்த மொஞ்சி உள்ளே பாய்ந்து, "டாக்டர், இவ பொய் சொல்றா!" என்று கத்துகிறான். கத்துவானா என்ன! வெளியே பெஞ்சில் யாரிடமோ சிங்கத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

6

எழுதுகிறவன் கையில் ஒரே ஒரு அதிகாரம் இருக்கிறது. டாக்டர் அறைக் கதவுக்கு உருண்டைக் கைப்பிடி வைத்துவிட்டேன். விரல் மடங்கினால்தான் அது திரும்பும்.

நஸீஹா ஒரு கையால் முயன்றாள். பிறகு இரண்டு கையாலும். உதடு கடிபட்டது. உதவி கேட்கமாட்டாள், சிங்கமாயிற்றே! டாக்டர் இன்னும் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். ஒரு தடவை நிமிர்ந்தால் போதும், அந்தக் கைகளைப் பார்த்துவிடுவார்.

அவரை நிமிர வைக்க என்னால் ஆகாது. நானும் இந்த ஊர்க்காரன், கேட்டால் லாபாஸ் என்றுதான் சொல்வேன். ஆனால் நீங்களும் இவ்வளவு நேரமாக அந்த அறையில்தான் நிற்கிறீர்கள். கொஞ்சம் இருமுங்களேன்.

டாக்டர் தலையைத் தூக்கி "என்ன?" என்று கேட்டால், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.