காலையில் போட்ட கற்கள்

கூரை போட வந்த கொத்தனார், சாரம் ஏறுமுன் சுவர் கட்டி மிச்சம் கிடந்த மண்கல் ஒன்றை எடுத்துத் தண்ணீர் வாளியில் போட்டார். எந்த வீட்டிலும் அது அவர் பழக்கம். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து கையை விட்டால் கல் இல்லை, சேறுதான் வந்தது.

"தம்பி, இது கல்லா, டீயில முக்கின பிஸ்கட்டா?"

வீட்டுக்காரனான பெயின்டர் சிரிக்கப் பார்த்தான். அவன் மனைவி வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். ஐந்து மாதம், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, கை அச்சில் அவள் அழுத்திய கற்கள். சுவரை விடுமுறை நாட்களில் அவனே எழுப்பியிருந்தான். இருக்கும் வாடகை அறையை மாதக் கடைசியில் காலி செய்தாக வேண்டும்.

"அண்ணே, அளவுல தப்பே இல்ல. பன்னெண்டு சட்டி மண்ணுக்கு ஒரு சட்டி சிமென்ட். நானே அளந்தேன்," என்றாள் அவள்.

"எப்பம்மா கலந்தீங்க?"

"காலையில இவரு வேலைக்குப் போகுமுன்ன மொத்தமா கலந்து வச்சுடுவாரு. நான் சாயங்காலம் வரைக்கும் அழுத்துவேன்."

கொத்தனார் தலையில் கை வைத்தார். "தண்ணி பட்டா சிமென்ட் காத்துக்கிட்டு இருக்குமா? முதல் ஒரு மணி நேரத்துல போட்டதுதான் கல்லு. மத்ததெல்லாம் மண்ணு."

"அந்தக் கல்லு எதெது?" பெயின்டர் அவளைப் பார்த்தான்.

அவளுக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. ஒன்றாகவே அடுக்கியிருந்தாள்.

"பொழுதன்னிக்கும் அழுத்துனியே, கைக்குத் தெரியலையா?"

"மதியத்துக்கு மேல உதிரி உதிரியா இருந்துச்சு," என்றாள். "தண்ணி தெளிச்சுக்கிட்டேன்."

அவன் கொத்தனாரிடம் திரும்பினான். "மேல சிமென்ட் பூசிட்டா என்னண்ணே?"

"பூசலாம். உள்ள படுக்கப்போறது நீங்க. நான் இல்ல."

அவள் வாளி வாளியாகச் சுவரில் தண்ணீர் ஊற்றினாள். ஊறும்வரை நின்றாள். பிறகு கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். ஒரு கல் அசையவில்லை. அடுத்ததில் விரல் நகம்வரை போனது. அதற்கடுத்ததிலும் போனது.

"விடு," என்றான் அவன்.

அவள் விடவில்லை. கீழ் வரிசைக்குக் குனிந்தாள்.

கொத்தனார் சாரத்தின் முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார். கம்பு சுவரில் இடிக்காதபடி பெயின்டர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.