சிரித்தபடி ஒரு சாவு

"அக்கா, கொஞ்சம் சிரிச்ச மாதிரி பாருங்க" என்று சுப்பராயன் போனைத் தூக்கிப் பிடித்தபோது, மஞ்சுளா ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் பூத்த ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் புருஷன் வெங்கடேசன் கூலிங் கிளாசும் பூப்போட்ட சட்டையுமாகப் படுத்திருந்தான். அதுவும் அவன் ஆசைதான்.

"யாரும் அழக் கூடாதுன்னு அண்ணன் சொல்லிட்டுதான போனாரு. மோளம் அடிக்கணும், ஆடணும், சிரிச்சுக்கினே அனுப்பணும்னு."

சொன்னான்தான். வீடியோ எடுத்தே சொல்லியிருந்தான். ஊரே பார்த்து மாய்ந்து போனது.

கணையத்தில் கட்டி, மிஞ்சினால் நாலு மாதம் என்று டாக்டர் சொல்கிறவரை வெங்கடேசன் ஒரகடம் டயர் கம்பெனியைத் தவிர வேறெதையும் கண்டவனில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. கல்யாணமான புதிதில் மாமல்லபுரம் போகலாமா என்று கேட்டவளிடம், "அங்க இன்னா கீது, தண்ணிதான?" என்றவன். டாக்டர் சொன்ன மறுவாரமே வேலையை விட்டான். சிநேகிதன் சுப்பராயன் கூட்டத்தோடு கடலுக்குப் போனான், குன்றத்தூர் மலை ஏறினான், மழையில் நின்று ஆடினான். எல்லாவற்றையும் படம் பிடித்துப் போட்டான். "ஒவ்வொரு நாளையும் கடைசி நாளா நெனச்சு வாழுங்க" என்றான். வாலாஜாபாத்திலிருந்து முன்பின் தெரியாதவர்களெல்லாம் தேடி வந்து அவனைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்கள்.

மஞ்சுளாவுக்கு ஏது லீவு? ஒரு சம்பளம் நின்றுபோன வீட்டில் இன்னொன்றாவது வர வேண்டாமா? செல்போன் கம்பெனி லைனில் கால் கடுக்க நின்று, ஓ.டி.யும் பார்த்துவிட்டு வந்தால், கடல் மண் ஒட்டிய பேன்ட் துவைக்கக் கிடக்கும். அவன் வாந்தியெடுத்த வாளி கழுவக் கிடக்கும். வாளியெல்லாம் வீடியோவில் வராது. ஒரு தடவை வெட்கத்தை விட்டுக் கேட்டாள்: "ஒரு நாளு என்னையும் கூட்டிக்கினு போயேன்யா."

"உனக்கு இன்னாடி அவசரம்? உனக்குத்தான் காலம் கெடக்குதே" என்றான். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான், பாவி.

வாசலில் மாரி பறையை விளாசிக்கொண்டிருந்தார். சுப்பராயன் கூட்டம் ஆடியது. "குடுத்து வெச்ச ஆளுப்பா, வாழ்ந்தா இப்படி வாழணும்" என்று பந்தலுக்குள் யாரோ சொன்னார்கள். விடிந்ததிலிருந்து மஞ்சுளா வாயைத் திறந்தபோதெல்லாம் யாராவது ஓடிவந்து, "உஷ், அவரு ஆசய கெடுக்காத" என்று அடக்கினார்கள். கட்டின புருஷனுக்கு அழக்கூட அனுமதி வேண்டுமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் தெருமுனையில் நின்றது. லைன் பெண்கள் யூனிஃபார்ம் கோட்டைக் கழற்றாமல் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவள் ஜாஸ்மின். வருஷக்கணக்காக மஞ்சுளாவுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவள். பட்டன் போன்காரி; வீடியோ சமாச்சாரமெல்லாம் அவளுக்குத் தெரியாது. வந்ததும் மஞ்சுளாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் பார்த்தாள்.

"அழுதியாடி?"

"அழக் கூடாதாம்."

"யாரு சொன்னது?"

மஞ்சுளா ஐஸ் பெட்டியைக் காட்டினாள்.

"அவருதான் செத்துட்டாரேடி. இனிமே உன்ன இன்னா பண்ணிருவாரு?"

அவ்வளவுதான். மஞ்சுளா ஐஸ் பெட்டியின் மேல் விழுந்தாள். கண்ணாடியில் படார் படார் என்று அறைந்தாள்.

"கடலப் பாத்தியே! மலையப் பாத்தியே! என்ன எப்பய்யா பாத்த? நானும் ஆசப்பட்டனே! எனக்கு எந்த டாக்டரும் நாளு குறிச்சுக் குடுக்கலியேய்யா! நான் எப்பய்யா வாழறது?"

பறை நின்றது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் தூக்கிய கையோடு நின்றார்கள்.

"அக்கா, அண்ணனோட ஆச..." என்று சுப்பராயன் உள்ளே வந்தான்.

"நீ சும்மா கெட" என்றார் மாரி. "அது அழுவட்டும்."

லைன் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தரையில் உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, மஞ்சுளாவை நடுவில் இழுத்துக்கொண்டார்கள். தெருமுனையில் பஸ்காரன் ஹாரன் அடித்தான். பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் அடித்தான். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.