இரண்டு கட்டங்களும் ஒரு பல்செட்டும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததற்கு என் கற்பனை வளம் காரணமல்ல. என் வாயில் ஒரு பல்கூட மிச்சமில்லை என்பதுதான் காரணம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு பல்செட் கட்டிக்கொள்ளப் போனேன். வீட்டு முன்னறையையே பட்டறையாக வைத்திருக்கும் பல்செட்காரம்மா, அளவெடுக்கும் அச்சுமாவைக் குழைத்து என் மேல் ஈறில் அப்பிவிட்டு, "அசையாதீங்க சார், பேசவும் கூடாது" என்றாள். நாற்பத்தைந்து நிமிடம்* அப்படியே கிடந்தேன். ஆயுளில் முதல்முறையாக, குறுக்கே புகாமல் அடுத்தவர் பேச்சைக் கேட்டேன். என் மனைவி இதை இன்றுவரை நம்பவில்லை.

(* மூன்று நிமிடம். கதை எழுதுகிறவனுக்கு நாற்பத்திரண்டு நிமிடம் சலுகை உண்டு.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்தச் சிறுமியின் விழிகளில் சொல்லொணாத சோகம் ததும்பி..."

ததும்பவில்லை. பல்செட்காரம்மாவின் ஒன்பது வயது மகள் மேசைக்கு அடியில் உட்கார்ந்து, ஒதுக்கிப்போட்ட பல் அச்சுகளைப் பொறுமையாக வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள்.

பிறகு இப்படி: "கல்வி என்பது யாதெனில்..."

எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். பெண்ணுக்கு அவள் அப்பா வைத்த பட்டப்பெயர் நிதானம். பள்ளிக்கூடம் வைத்த பெயர் மந்தம். இரண்டும் ஒரே பெண்தான். கரும்பலகையில் இருப்பதில் பாதியை அவள் எழுதி முடிப்பதற்குள் டீச்சர் அழித்துவிடுவார். பாவம், வகுப்பில் நாற்பத்திரண்டு பேர்; அவருக்கும் கை ஒன்றுதானே ஓடும். மீதிப் பாதியை விளையாட்டு வேளையில் எழுத வேண்டும். ஆறு மாதமாக அந்தப் பெண் மைதானத்தை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

இப்போது பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. அதில் இரண்டு கட்டங்கள்: அடுத்த வருஷமும் இதே வகுப்பு, அல்லது பெற்றோர் வீட்டிலேயே படிக்கவைத்துக்கொள்வது. விடுமுறை வாரம் முடியும் வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றில் டிக் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு குழந்தையின் தலையெழுத்தைச் சுண்டுவிரல் நக அளவுக் கட்டத்துக்குள் அடக்கிய அந்தப் படிவக்காரரின் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம்.

3

மேல் ஈறு அச்சு எடுத்த அன்று பல்செட்காரம்மாவின் கட்சி: வீடு. அவள் புருஷன் பஸ் ஓட்டுநர். அவர் கட்சி: பள்ளிக்கூடம்.

"மெதுவா ஏறுறவங்கள நான் விட்டுட்டா போறேன்? நின்னு ஏத்திக்கிட்டுதானே போறேன். ஸ்கூலும் நிக்கட்டும்."

"உங்க பஸ் தெனமும் அரை மணி நேரம் லேட்டுன்னு ஊரே சிரிக்குது. அந்தப் பெருமைய ஸ்கூலுக்கு வேற சொல்லித் தரணுமா?"

"இங்க பாரு, வரிசையில ஒரு பல்ல லேசாத் திருப்பி வெச்சாத்தான் சொந்தப் பல்லு மாதிரி இருக்கும்னு நீதானே எல்லார்கிட்டயும் சொல்ற? அது மாதிரி நம்ம பொண்ணும் வரிசையில ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே!"

(இந்த இடத்தில் நான் நாற்காலியிலேயே துள்ளினேன். வருஷக்கணக்கில் தேடினாலும் கிடைக்காத உவமை! கதையின் முடிவாகவே வைத்துவிட வேண்டியதுதான் என்று...)

"பல்லு பரீட்சை எழுதாதுங்க" என்றாள் அவள்.

(...உவமையை அடித்துவிட்டேன்.)

4

வியாழக்கிழமை கீழ் ஈறு அச்சுக்குப் போனபோது வெள்ளோட்டம் நடந்துகொண்டிருந்தது. பள்ளி விடுமுறை வாரத்தில் வீட்டையே பள்ளிக்கூடமாக்கிப் பார்ப்பது என்று பல்செட்காரம்மா முடிவு செய்திருந்தாள். திங்கட்கிழமை அவளுக்கு நெஞ்செல்லாம் நம்பிக்கை. மகள் எத்தனை நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், கரும்பலகையை அழிக்க இங்கே யார் இருக்கிறார்கள்? பத்து மணிக்கு ஒரு கணக்கு கொடுத்தாள். பதினொன்றுக்கும் அதே கணக்கு. பன்னிரண்டுக்கு மகள் தலை நிமிர்ந்து, "அம்மா, இந்தக் கணக்குல வர்ற தொட்டி எதுக்கு ஓட்டையா இருக்கு? அடைச்சுட்டா என்ன?" என்றாள்.

நியாயமான கேள்விதான் என்று அவளுக்கும் பட்டது. ஆனால் அந்த வாரத்துக்குள் நான்கு பல்செட் முடிக்க வேண்டும். அங்கேதான் பல் கட்டும் வீட்டில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பைச் செய்தாள்: மாவு இறுகுவதைப் பார்க்க வைத்திருந்த டைமரை எடுத்து மகள் முன்னால் வைத்தாள். மூன்று நிமிடத்துக்கு ஒரு கணக்கு. டிர்ர்ர். அடுத்தது. டிர்ர்ர். செவ்வாய்க்கிழமை வருகைப் பதிவு வந்தது. புதன்கிழமை சமையலறை வாசலில் முட்டி போடும் தண்டனை வந்தது. வியாழக்கிழமை அவளே தன்னைத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்த்திக்கொண்டு, பள்ளி ஆய்வாளரிடம் விருதும் வாங்கி...*

(* சரி, விருது இல்லை. முட்டியும் இல்லை. டைமர் உண்டு. குரலும் உண்டு, மாவு வாயோடு நானே நடுங்கினேன்.)

வியாழக்கிழமை மதியம் நிதானம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, எந்தக் கிண்டலும் இல்லாமல் கேட்டாள்:

"டீச்சர் எப்ப வீட்டுக்குப் போவாங்க? அம்மா எப்ப வருவாங்க?"

பல்செட்காரம்மா டைமரை எடுத்துப்போய் அலமாரிக்குள் வைத்து, கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து அது இன்னொரு முறை அடித்தது.

5

இந்த இடத்தில் என் கதாபாத்திரங்கள் எனக்குப் பெரிய துரோகம் செய்துவிட்டார்கள். இருவரும் கட்சி மாறிவிட்டார்கள்!

"ஸ்கூலுக்கே போகட்டுங்க. நான் நல்ல டீச்சரும் இல்ல, இப்ப அம்மாவும் இல்ல."

"என்ன பேசுற நீ? இந்த வாரம்தான் அவ ஒருநாள்கூட வயித்து வலின்னு படுக்கல. வீட்டுலயே இருக்கட்டும். என் ஷிஃப்ட்ட நான் மாத்திக்கறேன்."

"நீங்க சொல்லித் தந்து, அவ கத்து..."

"லேட்டாத்தான் வரும். ஆனா வரும்."

அவளுக்கு எழுதிய வசனங்களை அவருக்கும் அவருக்கு எழுதியதை அவளுக்கும் மாற்றி ஒட்டுவதிலேயே எனக்கு இரண்டு நாள் போனது.

6

முடிவுகள் சில தயார் செய்தேன். சந்தோஷ முடிவு: வீட்டில் படித்து, பெரிய விஞ்ஞானியாகி, ஓட்டை அடைத்த தொட்டியைக் கண்டுபிடிக்கிறாள். சோக முடிவு: அதே வகுப்பு, அதே ஜன்னல்... போதும், நிறுத்திக்கொள்கிறேன். புரட்சி முடிவு: டீச்சர் டஸ்டரைத் தூக்கி வீசிவிட்டு அழுகிறார். இதை அந்த டீச்சரிடமே சொன்னால் என்னைத்தான் அழவைப்பார்.

நடந்தது வேறு. சொல்ல எனக்கே விருப்பமில்லை.

வெள்ளிக்கிழமை கடி அளவு எடுக்கப் போனேன். மெழுகுப் பட்டையை ஈறுகளுக்கிடையே வைத்து, "கடிச்சுக்கிட்டே இருங்க சார். வாயத் திறந்தா அளவு மாறிடும், செட்டு சரியா உக்காராது" என்று சொல்லிவிட்டுப் பல்செட்காரம்மா உள்ளே போனாள். உள்ளே இருவருக்கும் பேச்சு நடந்தது. அவள் குரல் உடைந்தது. மேசைமேல் படிவம். நிதானம் மேசைக்கு அடியிலிருந்து எழுந்து, அதை எழுத்தெழுத்தாகக் கடைசி வரை படித்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்:

"தாத்தா, எனக்கு வெளாடவும் விடணும், அம்மா அம்மாவாவும் இருக்கணும். அதுக்கு எந்தக் கட்டத்துல டிக் போடணும்?"

அவசரமே இல்லாமல் காத்திருந்தாள். அவளுக்குத்தான் காத்திருக்கத் தெரியுமே.

தெருமுனைக் கடையில், மருத்துவமனை வரிசையில், யாரும் கேட்காமலே வீட்டுக்கு வீடு அறிவுரை வழங்கியவன் நான். அன்று மட்டும் மெழுகைக் கடித்துக்கொண்டே இருந்தேன்.

பல்செட் கச்சிதமாக அமைந்திருக்கிறது. ஒரு மயிரிழை நகரவில்லை. சாப்பிடும்போதெல்லாம் அதுதான் உறுத்துகிறது.

நான் கிளம்பும்போது படிவம் அங்கேயேதான் இருந்தது. நிதானம் பேனா மூடியைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் வேகத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். உங்கள் வாயில் மெழுகு ஏதும் இல்லையே? அப்படியானால், அவள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.