டெல்மருக்குப் போட்ட அறுபது தோட்டா

வெள்ளிக்கிழமை மாலை ஆர்டிஸ் ஹாக்ஸ்டட் சலவை அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் ஒரு பக்கம் துணி துவைக்கும் இயந்திரம், மறுபக்கம் அவள் தோட்டா போடும் மேசை. இருபத்தாறு வருஷமாக இரண்டும் சண்டை சச்சரவில்லாமல் குடித்தனம் நடத்தி வந்தன. அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். வேலை முடிந்து வந்ததும் மற்றப் பெண்கள் ஸ்வெட்டர் பின்ன உட்காருவார்கள். ஆர்டிஸ் இந்த மேசையில் உட்காருவாள். சுட்டுத் தீர்ந்த பித்தளை உறைகளைத் தேய்த்து மினுக்குவாள், அடியில் புதுக் கேப்பு வைப்பாள், வெடிமருந்தை அளந்து ஊற்றுவாள், கடைசியில் ஈயக் குண்டை உறையின் வாயில் வைத்து அழுத்துப்பொறியின் கைப்பிடியை இழுப்பாள். மொன்டானாவில் பைன் கூலி என்ற அந்தச் சின்ன ஊரில் அவள் போட்ட தோட்டா ஒன்று தவறியது என்று யாரும் சொன்னதில்லை.

அவள் கணவன் வெண்டல் வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு டார்ச்.

"இந்தா, உன்னோடது. சமையலறைத் தொட்டிக்கு அடியில ஒழுக்கு பார்க்க எடுத்தேன். அங்கேயே விட்டுட்டேன்."

"எப்ப எடுத்த?"

"திங்கட்கிழமை."

பெருக்குவது நின்றது. "செவ்வாய்க்கிழமை இது இந்த மேசையில இல்லையா?"

"அஞ்சு நாளா பாத்திரம் கழுவுற சோப்போட குடியிருந்துச்சு. குழாய் என்னமோ இன்னும் ஒழுகிட்டுத்தான் இருக்கு."

ஆர்டிஸ் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

செவ்வாய்க்கிழமைதான் துப்பாக்கி கிளப்பிலிருக்கும் டெல்மருக்கு அறுபது தோட்டா போட்டாள். மரத் தட்டில் அறுபது உறைகளையும் வாய் மேலே இருக்கும்படி நிறுத்தி, ஒவ்வொன்றாக மருந்து ஊற்றி முடித்த நேரத்தில் ஃபோன் அடித்தது. பாஸ்டரின் மனைவி. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விருந்துக்கு ஒன்பது வீட்டிலிருந்து உருளைக்கிழங்கு வருகிறதாம், ஒரு வீட்டிலிருந்தாவது வேறு ஏதாவது வரக்கூடாதா என்று இருபது நிமிஷம் புலம்பினாள். ஆர்டிஸ் பீன்ஸ் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டு திரும்பி வந்து, குண்டுகளை வைத்து அழுத்தி முடித்தாள்.

மருந்து ஊற்றுவதற்கும் குண்டு வைப்பதற்கும் நடுவே ஒரு வேலை உண்டு. டார்ச்சை அடித்து ஒவ்வொரு உறைக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்கிறதா, எதிலாவது இரட்டிப்பாக விழுந்திருக்கிறதா, எதிலாவது விழவே இல்லையா. பார்த்துவிட்டோம் என்றே மூன்று நாளாக நினைத்திருந்தாள். ஆனால் டார்ச் தொட்டிக்கு அடியில் கிடந்தால் எதை வைத்துப் பார்த்திருப்பாள்?

"அறுபதுல ஒண்ணாவது தப்பாயிருக்கும்னு நினைக்கிறியா?" என்றான் வெண்டல்.

"இருக்காது. நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது இருக்காது."

"அப்புறம் என்ன?"

"அந்த மீதி ஒண்ணு டெல்மர் கண்ணுக்கு நேரா இருக்கே, வெண்டல்."

மருந்தில்லாத தோட்டாவில் கேப்பு மட்டும் வெடிக்கும். அந்தச் சின்ன வேகத்தில் குண்டு குழலின் பாதி தூரம் போய் அடைத்துக்கொள்ளும். சத்தம் குறைந்ததைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால், குழல் சுடுபவரின் முகத்துக்குப் பக்கத்தில் பிளக்கும். எடை போட்டுக் கண்டுபிடிக்கலாமென்றால் அதுவும் முடியாது. டெல்மர் தன் குண்டுகளைத் தானே ஈயம் உருக்கி வார்ப்பவர். ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் இருக்கும் வித்தியாசமே உள்ளே இருக்கும் மருந்தைவிட அதிகம்.

அவரைக் கூப்பிட்டுச் சொல்லலாமென்று ஃபோனை எடுத்தாள். டெல்மர் மகள் குடும்பத்தோடு ஏரிக்கரையில் கூடாரம் போட்டிருந்தார். அங்கே சிக்னல் கிடையாது. காலையில் அங்கிருந்து நேராகக் கிளப்பின் சுடும் போட்டிக்கு வருவதாகச் சொல்லிப் போயிருந்தார்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. எழுபத்து மூன்று வயது டெல்மருக்குப் பனிக்காலத்தில் பக்கவாதம் வந்து வலது கையின் பலத்தைக் கொண்டுபோயிருந்தது. விசையை இழுக்க விரல் ஒத்துழைத்தது. அழுத்துப்பொறியின் கைப்பிடியை இழுக்கத் தோள் மறுத்தது. அவர் துப்பாக்கி மாமனார் காலத்தது, அதற்கான தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்காது. போட்டால்தான் உண்டு. பைன் கூலி கிளப்பிலோ எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: ஒருவர் போட்ட தோட்டாவை இன்னொருவர் சுடக்கூடாது. தன் தோட்டாவைத் தானே போடத் தெரியாதவனை அங்கே விருந்தாளி மாதிரி மரியாதையாக நடத்துவார்கள். அதைவிட அவமானம் வேறில்லை. அதனால்தான் மே மாதத்தில் டெல்மர் காலி உறைகளை ரொட்டிப் பைக்குள் ஒளித்து எடுத்துவந்து, "ஊருக்குத் தெரிய வேண்டாம், ஆர்டிஸ்" என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். ஆர்டிஸும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

வியாதிக்குப் பிறகு நாளைதான் அவருக்கு முதல் போட்டி.

சனிக்கிழமை காலை ஆர்டிஸ் தன் துப்பாக்கியோடு, எதற்கும் இருக்கட்டுமென்று மருந்துப் புட்டியையும் அளவையையும் பிக்கப் லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் ஜெபம் செய்தாள். கர்த்தரே, அவர் கண்ணையும் காப்பாற்றும், மானத்தையும் காப்பாற்றும். இரண்டும் முடியாதென்றால் கண்ணை. வெண்டல் பக்கத்தில் பீன்ஸ் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆமென் சொன்னான். அது நாளைய விருந்துக்கான சட்டி. பதற்றத்தில் ஒரு நாள் முன்னாலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்பது பாதி வழியில்தான் இருவருக்கும் உறைத்தது.

சுடும் மைதானத்தில் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். போட்டியை நடத்துபவர் ஹால்வர். பத்தொன்பது வருஷமாகச் சரியாக ஒன்பது மணிக்கு மணியடித்தவர். ஒருமுறை தன் சொந்தத் தம்பி இரண்டு நிமிஷம் தாமதமாக வந்ததற்குத் திருப்பி அனுப்பியவர். ஒன்பதுக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது டெல்மர் வந்து சேர்ந்தார், கன்னமெல்லாம் ஏரி வெயில். துப்பாக்கியை மேசைமேல் வைத்தார், தோட்டாப் பெட்டியைத் திறந்தார்.

"டெல்மர், கொஞ்சம் இப்படி வாங்க."

"இப்பவா? ஹால்வர் மணியடிக்கப் போறான்."

"இப்பவே."

லாரிக்குப் பின்னால் நிறுத்தி, சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஃபோன் வந்தது, டார்ச் இல்லை, பார்க்கவில்லை. டெல்மர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"அறுபதுமா?"

"அறுபதும். என்னை மன்னிச்சிடுங்க. வயித்து வலின்னு ஹால்வர்கிட்ட சொல்லிடுங்க, நான் வீட்டுல கொண்டுபோய் விடறேன். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்."

"வயித்து வலியா? போன வருஷம் சர்ச் விருந்துல நீங்க எல்லாரும் வேணாம்னு வெச்ச மீன் கூழையே ரெண்டு தட்டு சாப்பிட்டவன் நான். எவன் நம்புவான்?"

சிரிக்கத்தான் பார்த்தார். ஆனால் மே மாதத்திலிருந்து தினமும் காலையில் ஒரு மாவு மூட்டையை வைத்து அந்தக் கையைப் பழக்கிய மனிதர். அவர் முகம் போன போக்கை ஆர்டிஸால் பார்க்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து ராய்ஸ் வந்தான். கிளப்பில் யாரையும் சும்மா விடாதவன்.

"என்ன பெரியவரே, லாரிக்குப் பின்னால ரகசியம்? ஆர்டிஸ்கிட்ட மருந்து அளவு கேட்டுக் கெஞ்சுறீங்களா? உங்க தோட்டால இந்தத் தடவை என்ன போட்டிருக்கீங்க, எனக்கும் சொல்லுங்க."

டெல்மர் லாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். பிறகு மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எனக்கு என்ன தெரியும்? போட்டது இவ. என்னால கைப்பிடி இழுக்க முடியல, ராய்ஸ். நாலு மாசமா முடியல."

காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் ஊற்றுவதை நிறுத்தினார்கள். அவர் தன் மானத்தை எடுத்து எல்லார் முன்னாலும் வைத்துவிட்டார். தன்னுடையதை மட்டும் மடித்து வைத்திருப்பது சரியில்லை என்று ஆர்டிஸுக்குப் பட்டது.

"போட்டேன். ஆனா பார்க்காம மூடிட்டேன். அறுபதையும் உடைக்கணும்."

ராய்ஸ் பிடரியைச் சொறிந்தான்.

"சரி, இதையும் கேட்டுக்கங்க," என்றான். "என் தோட்டாவை ஜெனீவாதான் போடுறா. எனக்குக் கிட்டத்துல இருக்கிற தராசு முள்ளு தெரியறதில்ல. நாலு வருஷமா."

"ஏழு," என்றாள் காப்பி மேசையிலிருந்து அவன் மனைவி ஜெனீவா, தலையைத் தூக்காமல்.

"எனக்கு மச்சான்," என்றார் தூரத்தில் நின்ற ஒருவர். "போன கோடையிலேர்ந்து."

கடைசியில் எண்ணிப் பார்த்தால், பன்னிரண்டு பேரில் நாலு பேர் வேறு யாரோ போட்ட தோட்டாவோடு வந்திருந்தார்கள். அந்தச் சட்டத்தை இத்தனை வருஷம் காத்தது யாரென்று யாருக்கும் விளங்கவில்லை. சிரிப்பு ஒரு லாரியிலிருந்து அடுத்த லாரிக்குப் பரவியது.

எல்லார் கண்ணும் ஹால்வர் பக்கம் திரும்பியது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதாக ஒரு நிமிஷம். மைதானத்தின் கோடியில் காற்றைக் காட்டும் சின்னக் கொடிகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன.

"மூணாவது கொடி சாய்ஞ்சிருக்கு," என்றார் ஹால்வர். "நான் போய் நட்டுட்டு வரேன். அதுவரைக்கும் யாரும் சுடக்கூடாது."

கொடி நேராகத்தான் நின்றது. ஹால்வருடைய நாலு சக்கர வண்டி பக்கத்திலேயே சாவியோடு நின்றது. அவர் அதை விட்டுவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, புல்லில் என்னென்ன பூ பூத்திருக்கிறது என்று பார்க்கிறவர் மாதிரி நடந்து போனார்.

லாரிகளிலிருந்து சுத்திகள் வெளியே வந்தன. குண்டு உருவும் சுத்தி என்பது தலையில் குடைவு உள்ள பிளாஸ்டிக் சுத்தி. தோட்டாவை அதற்குள் பொருத்திக் கட்டையில் நாலு தட்டுத் தட்டினால் குண்டும் மருந்தும் உள்ளே உதிரும். மொத்தம் ஆறு சுத்தி தேறியது. சாப்பாட்டு மேசைகளைச் சுற்றி நின்று எல்லாரும் தட்ட ஆரம்பித்தார்கள். தூரத்திலிருந்து கேட்டால் யாரோ கல்யாணப் பந்தல் போடுகிறார்கள் என்று நினைக்கலாம். வெண்டலுக்குத் துப்பாக்கியில் எந்தப் பக்கம் வெடிக்கும் என்பதிலேயே சந்தேகம் உண்டு. அவன் கிண்ணம் பிடித்தான். ஒவ்வொன்றிலும் விழுந்த மருந்தைப் பார்த்துவிட்டு, "இருக்கு," "இருக்கு," என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

முப்பத்தெட்டு வரைக்கும் இருந்தது. ஆர்டிஸுக்கு மூச்சு இலகுவாகி, வீணாக இத்தனை பேரைச் சிரமப்படுத்திவிட்டோமோ என்ற கூச்சம்கூட வந்தது.

முப்பத்தொன்பதாவதை ஜெனீவா தட்டினாள். குண்டு விழுந்தது. சுத்தியைக் கிண்ணத்தில் கவிழ்த்தாள். மறுபடி உதறினாள். உறையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மேசைமேல் நிறுத்தினாள்.

தட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. டெல்மர் அந்த உறையை இடது கையால் எடுத்து உள்ளே பார்த்தார். பிறகு ஆர்டிஸின் தோளில் கையை வைத்தார், அந்தப் பலமில்லாத கையை. அதன் கனம் அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நன்றி சொல்ல வேண்டியவருக்கு நன்றி சொல்ல அதுவே போதுமாக இருந்தது.

"இன்னும் இருபத்தொண்ணு இருக்கு," என்றான் ராய்ஸ், அடுத்த தோட்டாவை எடுத்துக்கொண்டே. "தட்டுங்க. ஹால்வர் மூணாவது கொடிகிட்ட எவ்வளவு நேரம்தான் நிப்பாரு?"

மீதி இருபத்தொன்றிலும் மருந்து இருந்தது. போட்டிக்கு முப்பது போதும். ராய்ஸ் லாரியில் இருந்த சின்ன அழுத்துப்பொறியை மேசை விளிம்பில் மாட்டினான். கேப்புகள் உறைகளிலேயே இருந்ததால் அந்த வேலை மிச்சம். ஆர்டிஸ் தன் புட்டியிலிருந்து மருந்து அளந்து ஊற்றினாள். ஜெனீவா டார்ச்சை டெல்மரிடம் கொடுத்தாள். அவர் ஒவ்வொரு உறைக்குள்ளும் குனிந்து பார்த்தார், முதலிலிருந்து கடைசி வரை, பிறகு கடைசியிலிருந்து முதல் வரை.

"சந்தையில முட்டை வாங்க வந்தவர் மாதிரி பார்க்குறாரே," என்றாள் ஜெனீவா.

"என் கண்ணு, நான் பார்க்கிறேன்," என்றார் டெல்மர். மூன்றாவது தடவையும் பார்த்தார்.

கடைசிக் குண்டு உட்கார்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ஹால்வர் புல்லைத் தட்டிவிட்டபடி வந்து சேர்ந்தார். மேசையில் சிதறிக் கிடந்த சுத்திகளை அவர் பார்க்கவே இல்லை. "கொடி இப்ப சரியா இருக்கு," என்று மட்டும் சொன்னார். பத்து மணி ஆறு நிமிஷத்துக்கு மணியடித்தார்.

டெல்மர் முப்பதில் பதினேழு அடித்தார். உருவியபோது சில குண்டுகளின் மூக்கு நசுங்கிவிட்டது, இல்லையென்றால் இருபதுக்குக் குறையாது என்று சொல்லிக்கொண்டார். அதை யாரும் மறுக்கவில்லை. தானும் சுட்ட ஆர்டிஸின் நினைப்பு மதியம் வரை அந்தக் காலி உறையிலேயே இருந்ததால் அவள் பதினொன்றாவதாக வந்தாள். ராய்ஸ் இரண்டாவது. ஹால்வர் முடிவுகளைப் படித்தபோது, தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, "இரண்டாவது, ராய்ஸ். தோட்டா, ஜெனீவா," என்று வாசித்தார். ஜெனீவா எழுந்து நின்று கையசைத்தாள். "ஒன்பதாவது, டெல்மர். தோட்டா, ஆர்டிஸ்." கைதட்டல் இரண்டாவது இடத்துக்குக் கிடைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. பீன்ஸ் சட்டி எப்போதோ காலியாகியிருந்தது. வெண்டல் அதைக் கவிழ்த்து வைத்துத் தாளம் போட்டான்.

லாரியில் ஏறப் போனபோது டெல்மர் பின்னாலேயே வந்தார். கையில் அன்று சுட்டுத் தீர்ந்த முப்பது உறைகள், ஒரு தகர டப்பாவில் கலகலவென்று.

"அடுத்த மாசம் பதினாலாம் தேதி போட்டி," என்றார்.

"இன்னமும் என்கிட்டயா குடுக்கிறீங்க?"

"வேற யார்கிட்ட குடுப்பேன்? தப்பு பண்ணிட்டேன்னு என்கிட்ட வந்து சொல்ற ஆளு ஊர்ல ஒருத்திதான் இருக்கா."

ஆர்டிஸ் டப்பாவை வாங்கிக்கொண்டாள். பக்கத்து லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த ஜெனீவா எட்டிப் பார்த்தாள்.

"அவருக்குப் போடும்போது ராய்ஸுக்கும் போட்டுடேன், ஆர்டிஸ். ஏழு வருஷமாச்சு, எனக்கும் ஒரு மாசம் லீவு வேணும்."

"நாலு வருஷம்," என்றான் ராய்ஸ்.